செலவில்லாத விளையாட்டாம்!

சதுரங்கத்துக்குச் செலவில்லை, ஒரு பலகையும் முப்பத்திரண்டு காய்களும் போதும் என்று நம்மவர்கள் மேடைதோறும் முழங்கி வருகின்றனர். பரிசளிப்பு விழாக்களுக்குச் சென்று செய்தி எழுதிய காலந்தொட்டு இதனைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. முழங்குவோரில் எவரேனும் கண்டியிலிருந்து ஒரு பிள்ளையைக் கொழும்பில் நடைபெறும் சுற்றுப்போட்டிக்குக் கூட்டிச் சென்றதுண்டா?

கணக்கைப் பாருங்கள். கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே சுமார் 115 கிலோமீற்றர். பஸ்ஸில் மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும். காலை ஒன்பது மணிக்கு முதற்சுற்று என்றால், கலஹாவிலோ தெல்தோட்டையிலோ வசிக்கும் பிள்ளை முதல்நாளே சென்று தங்கவேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்புவார் யார்? எனவே இருவருக்குப் பஸ் கட்டணம், இருவருக்குச் சாப்பாடு, அறை வாடகை, நுழைவுக் கட்டணம், கூடச் சென்றவர் இழந்த நாட்சம்பளம். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டு கூட்டிப் பாருங்கள். பயிற்சியாளருக்குக் கொடுப்பதை நான் இன்னும் சேர்க்கவில்லை.

வீட்டிலிருந்தே இணையத்தில் ஆடலாமே என்பர் சிலர். தாராளமாக ஆடலாம். ஆனால் சர்வதேசத் தரப்புள்ளிப் பட்டியலில் பெயர் ஏறவேண்டுமாயின், ஏற்கனவே தரப்புள்ளி பெற்றோருடன் குறைந்தது 5 ஆட்டங்களையாவது நேரில் ஆடியாக வேண்டும்.

இதில் என்னை உறுத்துவது மற்றொன்று. பெரிய பட்டம் பெற்றவரிடம் பெரும்பாலான போட்டிகளில் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. பல இடங்களில் தங்குமிடமும் இலவசம். அதில் தவறில்லை, அவர் தொழில்முறை ஆட்டக்காரர். ஆனால் அந்தச் செலவின் பெரும்பகுதியை ஏற்பவர், பரிசு கிடைக்காதென்று தெரிந்தே பணங்கட்டும் தொடக்கநிலை ஆட்டக்காரர்தான். அவரை எந்த மேடையிலும் நான் கண்டதில்லை.

கடல் கடந்தால் நிலைமை இன்னும் மோசம். கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கான தகுதி பெற குறைந்தது 3 கிராண்ட் மாஸ்டர்களுடன் மோதவேண்டும். அத்தகைய ஒருவரைக்கூட இன்றுவரை உருவாக்காத நம் நாட்டில் அதற்கு வழி விமான நிலையத்தினூடாகத்தான். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதற்காகச் சேமித்து வைத்திருந்த பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சென்னையின் குகேஷ் 2024 டிசம்பரில் உலகச் சாம்பியனானபோது தமிழ்நாட்டு அரசு ஐந்து கோடி ரூபா அறிவித்தது. மகிழ்ச்சியே. ஆயினும் அவருடைய தந்தை, காது மூக்குத் தொண்டை சத்திரசிகிச்சை நிபுணர், மகனுடன் பயணஞ்செய்வதற்காகத் தொழிலை நிறுத்தியவர். ஒரு கட்டத்தில் பெற்றோரின் நண்பர்கள் பணங்கொடுத்தே அவரைப் போட்டிகளுக்கு அனுப்பினர். வைத்தியரின் வீட்டிலேயே இப்படியென்றால் லயன் அறையில்?

நான் கேட்பது கோடிகளை அல்ல. தரப்புள்ளிப் போட்டிகளிற் சிலவற்றையாவது விடுமுறைக் காலத்தில் கண்டிப் பாடசாலை மண்டபங்களில் நடத்துங்கள். தோட்டப் பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். நடுவர்களின் பயணச் செலவை யார் தருவது என்று கேட்பீர்கள். இரண்டு நடுவர்கள் மலையேறுவது மலிவா, அறுபது பெற்றோர் மலையிறங்குவது மலிவா?