தரையில் நிற்கும் விமானம்

போர் விமானி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? வானைக் கிழித்துச் செல்லும் விமானம். தலைக்கவசம் அணிந்த இளைஞன். குடியரசு நாள் அணிவகுப்பில் அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின் கைதட்டல். அந்தப் பாராட்டு அவனுக்குத் தகும். ஆனால் அவ்விளைஞன் வானில் ஏறுவதற்கு முன் பலமுறை தரையிலேயே 'பறந்து' பழகியிருக்கிறான். அந்தத் தரை விமானத்தைப் பழுதின்றிக் காத்த கைகளுக்கு யாரும் கை தட்டுவதில்லை. அக்கைகளைப் பற்றி எழுதவே இக்கட்டுரையை எடுத்துக்கொண்டேன்.

'சிமுலேட்டர்' என்று பொறியாளர்கள் குறிப்பிடும் இயந்திரத்தைத்தான் சொல்கிறேன். உண்மை விமானத்தின் விமானி அறையை அப்படியே தரையில் அமைத்து, கணிப்பொறியின் துணையால் பறப்பது போன்ற காட்சியையும் ஒலியையும் உணர்வையும் உண்டாக்கும் பொறி அது. இக்கட்டுரையில் அதனைப் பாவனை விமானம் என்று அழைக்கிறேன். தமிழறிஞர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

என் பெரியப்பா இந்திய விமானப் படையில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். ஜாலஹள்ளியில் மின்னணுப் பயிற்சி பெற்று, பணிக்காலத்தின் பிற்பகுதியைப் பாவனை விமானம் ஒன்றின் பராமரிப்பில் கழித்தவர். எந்தத் தளம் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "விமானப் படையில் இருந்தீர்களே, எத்தனை முறை பறந்தீர்கள்?" என்று ஊரில் கேட்பவர்களிடம், "நான் பறக்கவில்லை, பறக்கப் போகிறவர்களை ஏமாற்றாமல் இருந்தேன்" என்பார். சிறு வயதில் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. இயற்பியல் படிக்க வந்த பிறகே விளங்கிற்று.

துருத்தியில் பிறந்த கலை

அமெரிக்காவில் பிங்காம்டன் என்னும் ஊரில் ஆர்கன் என்ற காற்று வாத்தியத்தையும், தானே இசைக்கும் பியானோவையும் செய்து விற்ற குடும்பம் ஒன்று இருந்தது. அக்குடும்பத்துப் பிள்ளையாகிய எட்வின் லிங்க், தந்தையின் தொழிற்சாலையில் கிடந்த துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் கொண்டே 1929-இல் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்து முடித்தார். உள்ளே அமர்ந்து பிடியை அசைத்தால், துருத்திகள் விரிந்து சுருங்கிப் பெட்டியைச் சாய்க்கும், திருப்பும். முதலில் அதனை வாங்க வந்தவர்கள் கேளிக்கைப் பூங்கா நடத்துவோர்! படைத்துறையினர் அதனை விளையாட்டுப் பொருளாகவே கருதினர்.

1934-இல் நாட்டின் விமானத் தபாலைச் சுமக்கும் பொறுப்பு அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவிடம் வந்தது. மூடுபனியிலும் இரவிலும் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கப் பழகாத விமானிகள், சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பதுபோல அவ்வாண்டே படைத்துறை லிங்கின் பெட்டிகளில் ஆறினை வாங்கிற்று. ஒன்றின் விலை 3,500 டாலர். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. சுமார் 5 இலட்சம் பேர் அவற்றில் பழகினர்.

நம் நாட்டுக் கணக்கும் நெஞ்சைச் சுடுவதுதான். 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை மிக் வகை விமானங்கள் 482 விபத்துகளைச் சந்தித்தன என்றும், அவற்றில் 171 விமானிகள் உயிரிழந்தனர் என்றும் நாடாளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் பயிற்சிக் குறைவே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. இயந்திரக் கோளாறும் உண்டு, மனிதத் தவறும் உண்டு. எனினும் உயர்நிலைப் பயிற்சி விமானம் வேண்டும் என்று லாஃபோன்டைன் குழு 1982-இல் பரிந்துரைத்தது. 'ஹாக்' விமானம் பீதரில் படையில் சேர்ந்ததோ 2008-இல். இடையில் ஒரு தலைமுறையே கழிந்துவிட்டது. பயிற்சிக்கான கருவி என்றால் பிறகு பார்க்கலாம் என்னும் மனப்பான்மை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

நல்ல சான்றும் நம்மிடமே உண்டு. தேஜஸ் விமானம் இயல்பாகவே நிலைப்பற்ற வடிவமைப்புடையது. கணிப்பொறி இடையறாது திருத்திக்கொண்டே இருந்தால்தான் பறக்கும். அத்தகைய புது விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாக வானேறியபோது, சோதனை விமானிகள் அதன் குணத்தை பெங்களூரு ஆய்வகத்துப் பாவனை விமானத்தில் முன்னரே அறிந்திருந்தனர்.

பொய்யில் ஓர் ஒழுங்கு

பாவனை விமானம் எப்படி நம்மை நம்ப வைக்கிறது? ஆறு கால்களின் மேல் நிற்கும் மேடை ஒன்றை 1965-இல் ஸ்டூவர்ட் என்னும் பொறியாளர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். ஒவ்வொரு காலும் நீளும், குறுகும். ஆறும் சேர்ந்து இயங்கினால் மேடையை எத்திசையிலும் நகர்த்தலாம், எப்பக்கமும் சாய்க்கலாம். ஆனால் கூடத்துக்குள் நிற்கும் மேடை எவ்வளவு தூரம் ஓட முடியும்? இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. விமானம் வேகம் எடுக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்தும் அல்லவா? மேடையை மெல்லப் பின்னே சாய்த்தால், புவியீர்ப்பே அந்த அழுத்தத்தைத் தந்துவிடும். கண்ணெதிரே ஓடுதளம் விரைவதைக் காணும் மூளை, சாய்வை முடுக்கம் என்று நம்பிவிடுகிறது.

போர் விமானத்தின் கடும் முடுக்கத்தை இந்த மேடையால் தர முடியாது. ஆகவே போர் விமானப் பாவனைகள் பலவற்றில் மேடையையே விட்டுவிட்டு, விமானியைச் சுற்றிக் கவிகைபோல் திரையை அமைக்கிறார்கள்; இருக்கையிலுள்ள காற்றுப் பைகள் உடலை அழுத்தும். இவையெல்லாம் பொய்தான். ஆனால் அளந்து செய்த பொய்; விமானியின் கையும் கண்ணும் மெய்யைக் கற்பதற்காகச் சொல்லப்படும் பொய்.

அளவு தவறினால் என்ன ஆகும்? விமானி பிடியை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையே நேரும் தாமதத்தை எடுத்துக்கொள்வோம். உயர்தரப் பயணிகள் விமானப் பாவனைகளுக்கு அமெரிக்க விதிகள் நெடுங்காலம் வைத்திருந்த வரம்பு 150 மில்லி விநாடி. ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். அதற்கு மேல் தாமதித்தால் விமானி தேவைக்கு மேல் திருத்துவான். பின் எதிர்ப்பக்கம் திருத்துவான். தலை சுற்றிக் குமட்டவும் கூடும். இவ்வளவும் அவன் குற்றமன்று, இயந்திரத்தின் குற்றம். ஆயினும் அந்தப் பழக்கம் அவன் கையில் தங்கிவிடும்.

என் பெரியப்பாவின் நாள், விமானிகள் வருவதற்கு வெகு முன்னரே தொடங்குமாம். பிடியை இழுக்க எவ்வளவு விசை வேண்டும், ஒரு திரையின் விளிம்பு அடுத்த திரையோடு ஒட்டுகிறதா, கருவிகள் காட்டும் எண்ணும் கணிப்பொறியின் கணக்கும் ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். உண்மை விமானத்தில் ஒரு கருவியோ மென்பொருளோ மாறினால், பாவனையிலும் அது மாற வேண்டும். மாறாவிட்டால், விமானி நேற்றைய விமானத்தைக் கற்றுக்கொண்டு இன்றைய விமானத்தில் ஏறுவான்.

ஒருநாள் பிடி வழக்கத்தைவிட இலேசாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அளந்தார், விசை குறைவாகவே இருந்தது. அன்றைய பயிற்சியை நிறுத்தச் சொன்னார். "சிறு வேறுபாடுதானே, நடத்திவிடலாம்" என்றார் மேலதிகாரி. "ஐயா, நான் ஒப்பமிட மாட்டேன்" என்றார் இவர். அன்று முழுவதும் பொறி பூட்டியே கிடந்தது. அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, கடிந்துரைதான். "வருத்தமில்லையா பெரியப்பா?" என்று கேட்டேன். "தம்பி, அந்தப் பிள்ளைகள் நம்பி உட்காருகிறார்கள். கை தப்பாகப் பழகிவிட்டால், மேலே போன பிறகு யார் திருத்துவது?" என்றார்.

இது மிகையான அச்சமா? பயணிகள் விமான உலகம் ஒரு பாடம் தந்திருக்கிறது. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 587 எண் விமானம் புறப்பட்ட சில நிமிடங்களுக்குள் விழுந்தது. 265 பேர் மாண்டனர். முன்சென்ற விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் சிக்கியபோது துணை விமானி வால் சுக்கானை இருபுறமும் மிகையாக மிதித்ததால் வால் முறிந்தது என்று விசாரணை வாரியம் 2004-இல் முடிவு கூறிற்று. சுக்கானின் அமைப்போடு, அந்நிறுவனத்தின் பயிற்சி முறையும் ஒரு துணைக்காரணம் என்றது. பாவனைப் பயிற்சி ஒன்றில் விமானம் பெரிதும் சாய்வதற்காகக் கட்டுப்பாடுகள் சற்று நேரம் பயனளிக்காதவாறு அமைத்திருந்தார்கள். அது பழுதன்று, நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடு. எனினும் உண்மை விமானத்துக்குப் பொருந்தாத ஒன்றை அது கற்பித்திருக்கக்கூடும். நல்ல நோக்கமே இப்படி முடியுமானால், கவனிக்காமல் விட்ட பழுது எப்படி முடியும்?

என் கருத்து

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, உண்மை விமானத்தில் பறந்தால்தான் கற்கலாம்" என்பார் உண்டு. உண்மைப் பறத்தலுக்கு ஈடு இல்லை என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் இயந்திரம் தீப்பற்றுவதை உண்மை விமானத்தில் எத்தனை முறை பழகிப் பார்க்க முடியும்? பாவனையில் நூறு முறை விழுந்து நூறு முறையும் எழலாம். வேண்டியதெல்லாம், அது மெய்யான பாவனையாக இருக்க வேண்டும் என்பதே.

ஆகவே மூன்று செய்திகளை வலியுறுத்த விரும்புகிறேன். முதலாவது, பாவனை விமானம் வாங்கும் நாளிலேயே அதன் ஆயுட்காலப் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பொறி இருபது, முப்பது ஆண்டு உழைக்கும். அதற்குள் உள்ளிருக்கும் கணிப்பொறி பழசாகிவிடும், உதிரிப் பாகம் கிடைக்காது. நாடா வெட்டித் திறப்பதற்கு ஆள் உண்டு, திருகாணி வாங்கக் காசு இல்லை என்ற நிலை கூடாது. இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வாங்கினாலும் அதன் கணக்குகளைத் திருத்தும் உரிமையும் அறிவும் நம்மவரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடல் கடந்து கையேந்தினால், தேஜஸ் போன்றவற்றில் நாம் பெற்ற அறிவு விழலுக்கு இறைத்த நீராகும். மூன்றாவதே தலையாயது: "இன்று இது சரியில்லை" என்று சொல்லும் தொழில்நுட்பப் பணியாளனின் சொல்லுக்கு, அவன் பதவி எவ்வளவு சிறிதாயினும், மதிப்புத் தர வேண்டும். அவன் கையொப்பம் வெறும் சடங்கானால், பாவனை விமானமும் வெறும் பொம்மையாகிவிடும்.

கலைக் கல்லூரி மாணவனுக்கு இதில் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். என் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மேனிலைப் பள்ளியில் ஊசல் சோதனை செய்தபோது, எங்களுக்குக் கிடைத்த நிறுத்துக் கடிகாரம் நிமிடத்துக்கு இரண்டு விநாடிக்கு மேல் பின்தங்கும். கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 10.6 என்று வரும். விடை 9.8 என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் என்ன செய்தோம்? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவீடுகளை எழுதினோம். எல்லோருக்கும் முழு மதிப்பெண். அந்தக் கடிகாரம் எனக்கு இயற்பியல் கற்றுத் தரவில்லை. அழகாகப் பொய் எழுதக் கற்றுத் தந்தது. அந்தப் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

இந்தக் கல்லூரிக்கு வந்த முதல் ஆண்டில், ஆய்வக உதவியாளர் ஒரு கடிகாரத்தை என் கையிலிருந்து வாங்கிச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் தாளில் 'பழுது' என்று எழுதி, அதன் மேல் ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். "வேறு கடிகாரம் வரும் வரை காத்திரு, தம்பி" என்றார். அன்று சோதனை முடிய மாலை மணி ஐந்தாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பேருந்தும் போய்விட்டது.

பெரியப்பா சொன்னது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.