மரக்கன்றுகளை எண்ணி முடிப்பது நில மீட்பு ஆகாது

அண்மையில் ஒரு கருத்தரங்கில், திறந்தவெளிச் சுரங்க நில மீட்பு குறித்த கட்டுரை ஒன்றைக் கேட்டேன். படவில்லைதோறும் செயற்கைக்கோள் படம்; பழுப்பாக இருந்த நிலம் ஆண்டுக்கு ஆண்டு பச்சையாகிக்கொண்டே போனது. அந்த மண்மேட்டில் விழும் மழை எவ்வழியே இறங்குகிறது என்று கேட்டேன். "அது பொறியாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது" என்றார் கட்டுரையாளர். மொழியியல் படித்த உங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று தேநீர் வேளையில் இன்னொருவர் கேட்டார். கரோல் பாக்கில் என் வாடகை அறைக்குத் திரும்பிய பின்பும் அக்கேள்வி விடவில்லை. ஆகவே இப்பதிவு.

என் அக்கறை சொல்லிலிருந்தே தொடங்குகிறது. அடகு வைத்த நகையை மீட்டால், அதே நகை கைக்கு வர வேண்டும். நிலத்தை மீட்டோம் என்றால், அந்நிலம் முன்பு செய்துவந்த வேலை திரும்பியிருக்க வேண்டும். நிலம் செய்யும் முதல் வேலை, மழையை வாங்கி, உள்ளிறக்கி, மிச்சத்தை மெல்ல வெளியே விடுவது. அந்த வேலை திரும்பாத நிலத்தில் எத்தனை மரங்கள் நின்றாலும் அது மீட்பு அன்று.

சுரங்கம் தோண்டும்போது மண்ணின் அடுக்குகள் தலைகீழாகின்றன. ஆழத்தில் கிடந்த களிமண்ணும் மணலும் மேலே வந்து குவிகின்றன. வளமான மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்துப் பின்னர் பரப்பாவிட்டால், வேர் பிடிக்க எதுவும் இல்லை. கனரக வண்டிகள் ஓடி இறுகிய மேற்பரப்பு நீரை உள்ளே விடாது. சரிவில் ஓடும் நீர் ஓரிடத்தில் திரண்டதும் சிறு கீறல் பள்ளமாகி, பள்ளம் ஓடையாகிறது. இதைத் தடுக்கும் முறைகள் எவருக்கும் தெரியாதவை அல்ல: சரிவைப் படிகளாக வெட்டுதல், படிகளை உட்புறமாகச் சாய்த்தல், மேட்டைச் சுற்றி வடிகால் அமைத்தல், அடிவாரத்தில் வண்டல் படியக் குட்டை வெட்டுதல், முதலில் புல்லும் பிறகு மரமும் வளர்த்தல். தரையில் புல்லும் சருகும் இல்லாமல் மரம் மட்டும் நின்றால், இலைகளில் திரண்டு விழும் பெருந்துளிகளே மண்ணைக் கிளறிவிடும். தேக்குத் தோப்புகளில் இதைக் காணலாம்.

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1956-இல் நிறுவப்பட்ட நிறுவனம் எழுப்பிய மண்மேடுகள் இன்று அப்பகுதியின் மலைகள். மீட்ட நிலத்தில் அங்குப் பயிர் விளைந்திருப்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மேடுகளின் கீழே பரவனாறு ஓடுகிறது. அதன் வழியில் பெருமாள் ஏரி இருக்கிறது. சுரங்கப் பகுதியிலிருந்து வரும் மண்ணால் ஏரி தூர்ந்துவருவதாகப் பாசன விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுப்பாதை வெட்டுவதற்காக வளையமாதேவியில் கதிர் வரவிருந்த நெற்பயிரின்மீது இயந்திரங்கள் இறங்கின. சுரங்கத்துக்குள் வெள்ளம் புகாமல் காக்க வடிகால் வேண்டும். அந்த வடிகாலுக்கு விலை, வெளியே நின்ற பயிர். மீட்பு அறிக்கையின் எந்தக் கட்டத்தில் இந்தக் கணக்கு எழுதப்படும்?

விதிகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. மண்மேட்டின் சரிவு 28 பாகைக்கு மேற்படக் கூடாது. வண்டல் குட்டைகள் 50 ஆண்டு மழைப்பதிவின் உச்சத்தைவிட 50 விழுக்காடு கூடுதல் கொள்ளளவு கொண்டிருக்க வேண்டும் என்பன சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகள். 2009-இல் நிலக்கரி அமைச்சகம் சுரங்க மூடல் திட்டத்துக்கான வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது. ஆனால் நாம் எதை அளக்கிறோமோ அதுவே நடைமுறையில் விதியாகிறது. விண்ணிலிருந்து பச்சையை அளக்கிறோம். இலைப்பரப்பின் கீழே பிளந்து கிடக்கும் ஓடைப்பள்ளம் அந்தப் படத்தில் தெரியாது.

இது தொலைவில் உள்ள ஊரின் சிக்கல் என்று தில்லி நண்பர்கள் எண்ண வேண்டா. இந்நகரின் கொத்தனார்கள் பருமணலைப் 'பதர்பூர்' என்றே அழைக்கின்றனர். ஓர் ஊர்ப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது. அம்மணலைத் தந்த பாட்டி சுரங்கப் பகுதி 1991-இல் அசோலா சரணாலயத்துடன் சேர்க்கப்பட்டது. குழிகள் இன்னும் இருக்கின்றன. சிலவற்றில் நீர் நிற்கிறது. காடு வளர்ந்ததைப் பாராட்டும் நாம், அங்கு மழை எங்கே போகிறது என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

மண்ணரிப்பைத் தடுக்க உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் புல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் 'வெட்டிவேர்'தான். கடலூர்க் கடலோரத்தில் அது பயிராகவே விளைகிறது. சொல்லை உலகுக்குக் கொடுத்த மொழியில், அதன் வேர் செய்யும் வேலையைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன?

நில மீட்பு குறித்து எழுதும் ஆய்வாளர்களுக்கும் அவர்களின் நெறியாளர்களுக்கும் என் கோரிக்கை எளியது. மழைக்காலத்தில் ஒருமுறையேனும் மண்மேட்டின் அடிவாரத்தில் நில்லுங்கள். வெளியேறும் நீரில் எவ்வளவு மண் போகிறது என்று அளந்து எழுதுங்கள். கீழுள்ள ஏரியின் ஆயக்கட்டுக்காரர்களிடம் கேட்டதை ஆய்வேட்டில் சேருங்கள். இம்மூன்றும் இல்லாத கட்டுரையின் தலைப்பில் 'மீட்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். 'மரம் நடுதல்' என்று எழுதுங்கள். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை.