வினாவைப் பறித்து விடையை ஊட்டுவதா?

'இந்நாவல் உணர்த்தும் ஐந்து படிப்பினைகளை எழுதுக' என்று கேட்பது நம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்ட வழக்கம். அந்த ஐந்தும் பயிற்றி நூல்களில் முன்னரே அச்சாகிக் கிடக்கின்றன. நாவலைத் திறவாமலே மாணவன் விடை எழுதிவிடலாம். இம்முறை எந்த நூலுக்கும் கேடுதான். ஓர் இளம் உள்ளத்தின் வளர்ச்சியையே பொருளாகக் கொண்ட நாவலுக்கோ இது கொலை.

எவ்வாறு வாழ்வது என்னும் வினாவோடு ஒருவன் வளர்ந்து முதிர்வதைக் காட்டும் நாவல் ஒரு தனிவகை. செருமானியப் பேரறிஞர் கதே 1795-96இல் வெளியிட்ட 'வில்லெம் மைஸ்டர்' அதன் முன்னோடி. 1922இல் எர்மன் எசே எழுதிய 'சித்தார்த்தா'வும் அவ்வகையினதே. தமிழில் அவ்வரிசையில் வைக்கத்தக்கது மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு'. 1958இல் வெளிவந்து, 1961இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற நாவல் அது.

பெருங்காஞ்சி என்னும் சிற்றூரிலிருந்து வாலாசாவிற்குப் படிக்க வருகிறான் சந்திரன். அழகும் அறிவும் நிரம்பியவன். அவன் நண்பன் வேலய்யனோ எளியவன். கதையைச் சொல்பவனும் அவனே. ஒளிவீசிய சந்திரன் சென்னைக்குச் சென்றபின் உணர்ச்சிப் பெருக்கில் நிலைதவறி, இறுதியில் நோயுற்று மடிகிறான். எளிய வேலய்யனே அகல் விளக்குப்போல் அமைதியாக நின்று எரிகிறான்.

'ஒழுக்கமே உயர்வு தரும்' என்று இதனை ஒரே வரியில் சுருக்கிவிடலாம் என்பர் சிலர். அவ்வரி போதுமெனில், மு.வ. நாவல் எழுதியிருக்க வேண்டியதில்லை. அறிவுரைக் கட்டுரை எழுதியே நிறுத்தியிருப்பார். வேறு சிலர், இது வெறும் நீதிபோதனை, இக்காலத்திற்கு ஒவ்வாது என்று ஒதுக்குவர். இரு சாராரும் செய்யும் தவறு ஒன்றே. இருவரும் முடிவைப் பார்த்தனர், வழியைப் பார்த்திலர். சந்திரனின் சரிவு எந்த இடத்தில் தொடங்கியது? நண்பனைத் தடுக்க வேலய்யனால் ஏன் இயலவில்லை? அறிவு இருந்தும் ஒருவன் கெடுவது எதனால்? இவற்றிற்கு ஒருவரி விடை இல்லை. இல்லாமையே இந்நாவலின் பெருமை.

ஜொகூரில் இது வெறும் இலக்கிய வழக்கன்று. சிகாமட், லாபிஸ், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, இன்று மாசாயிலும் ஸ்கூடாயிலும் குடியேறியுள்ளன. இளைஞர் பலர் நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சிற்றூரை விட்டு நகருக்குப் போன சந்திரனின் பயணம் இவர்களுக்கு அயலான கதையா?

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. 'நான் யார், என் வழி எது' என்னும் வினா எழுவது பதின்மூன்று வயதிற்குப் பின். அப்பொழுது மாணவன் மலாய் வழி பயிலும் இடைநிலைப்பள்ளியில் இருக்கிறான். அங்கு 2000ஆம் ஆண்டு முதல் மலாய், ஆங்கிலப் பாடங்களில் இலக்கியக் கூறு இணைக்கப்பட்டு, நாவல்களும் இடம்பெற்று வந்துள்ளன. தமிழோ, 15 மாணவரின் பெற்றோர் கோரினால் கற்பிக்கப்படும் மொழி. அவ்வகுப்பும் பல இடங்களில் பாடவேளைக்குப் புறம்பாகவே நடைபெறுகிறது. கிடைக்கும் அச்சிறு பொழுதிலும் கருப்பொருள், துணைக்கருப்பொருள், படிப்பினை என்று பட்டியல் எழுதுவித்தால், மாணவன் தமிழில் தேர்வெழுதுவான். சிந்திப்பதற்கு வேறு மொழியை நாடுவான்.

'தேர்வுதானே மாணவனின் வாழ்வை முடிவு செய்கிறது, நேரம் எங்கே?' என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. ஆயின் நாவலை முழுமையாகப் படித்தவன் தேர்வில் தோற்பதில்லை. வாரம் ஓர் அதிகாரம் படிக்கட்டும். 'வேலய்யன் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?' என்று ஒரே வினாவைக் கேட்டு, ஆசிரியர் சற்றுநேரம் வாய்மூடி இருக்கட்டும். சந்திரன் பக்கம் நின்று வாதாடும் மாணவன் ஒருவன் எழுந்தால், அவனை அடக்க வேண்டா. அன்றுதான் அவ்வகுப்பில் நாவல் தொடங்குகிறது.

படிப்பினையை ஊட்டுவது எளிது. அதனைத் தானே கண்டறியும் உரிமையை மாணவனிடமிருந்து பறிக்க எவருக்கும் அதிகாரமில்லை. தமிழாசிரியருக்கு அறவே இல்லை.