ஆராய்ச்சி குழாயடிக்கு வரட்டும்!

ஆராய்ச்சி நமக்கெதற்கு என்பவர்கள் 1971-ஐ நினைக்கட்டும். மேற்கு வங்காளத்துப் போன்காவ் அகதி முகாமைக் காலரா சூறையாடியது. ஊசிவழி ஏற்றும் மருந்துநீர் போதவில்லை. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் பொறுப்பை உறவினர்களிடமே விட்டார். நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது!

‘ஏழைத் தாய்க்கு என்ன தெரியும்?’ என்று இனி எவனும் கேட்க வேண்டாம். ஆனால், கையில் உப்புப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு, சாக்கடை கலந்த தண்ணீரையே குடிக்கவைப்பது என்ன நியாயம்? நம் நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் நம் வரிப்பணத்தில் நடப்பவை. நம் குழாய்நீரைச் சோதித்து, முடிவைத் தமிழிலும் இந்தியிலும் நம் தெருவிலேயே ஒட்டட்டும்! தனித்தனியே கெஞ்ச வேண்டாம். சங்கமாய்த் திரண்டு கேட்போம்!