மயில் யார் என்று தெரியுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. கோபம் வந்தா வரட்டும்.

நம்ம பைராம் தோட்டம், நிபோங் திபால் பக்கம் முருகன் சந்நிதி இருந்தா சுவரில் மயில் படம் இல்லாம இருக்காது. நீலக் கழுத்து, பச்சைத் தோகை, காலடியில் பாம்பு. அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கிறோம். பிள்ளைங்க "ஏன் மயில்?"னு கேட்டா "முருகன் வாகனம், கும்பிடு"ன்னு முடிச்சிடுறோம்.

நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். தரையில் போட்ட மஞ்சள் கோடு அழகுக்குன்னு நினைக்கிறவனுக்கு ஒரு நாள் கை கால் போகும். கோயில் சுவர் வண்ணத்தையும் படிக்கத் தெரியணும்.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் தெளிவாகச் சொல்கிறது. போர்க்களத்தில் முருகனைச் சுமந்த மயில் இந்திரன். கடைசியில் சூரபத்மன் கடல் நடுவே மாமரமாக நின்றான். வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். அப்பவும் அவன் கோபத்தோடுதான் பாய்ந்தான். முருகனின் அருள்பார்வை பட்ட பிறகே அடங்கினான். மயில் வாகனமாச்சு, சேவல் கொடியில் ஏறிச்சு. தேவர்களைச் சிறையில் போட்டவனுக்கு சுவாமியின் காலடியிலேயே இடம்!

பாம்பையும் பாருங்க. மயில் மிதிச்சுப் பிடிச்சிருக்கு, கொல்லவில்லை. பாம்பு படமெடுத்தபடி உயிரோட இருக்கு.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். தலைமுடிக்குக் கலர் அடிச்ச பையன் வாசலில் நின்னா நம்ம முகம் மாறுது. "குண்டர் கும்பல்", "ஜெயிலுக்குப் போய் வந்தவன்". காவடி தூக்க முன்வந்தாலும் ஒதுக்குறோம். ஆனா சூரனா இருந்த மயிலைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கிறோம். இது என்ன நியாயம்?

தோட்டத்து சனங்க தாமானுக்கும் ஃபிளாட்டுக்கும் சிதறிட்டோம். அந்தப் பையனுக்கு நம்ம இடம்னு மிச்சம் இருக்கிறது கோயில் ஒண்ணுதான். அங்கேயும் விரட்டினா, அவனைக் கூப்பிட்டுக்க வேற ஆள் வெளியே காத்திருக்கான்.

"அப்போ ஒழுக்கம் வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. வேணும். குடிச்சிட்டு வந்தா, அடிதடி பண்ணினா வெளியே அனுப்புங்க. வேலும் முதலில் பிளக்கத்தான் செய்தது. ஆனா முருகன் அதோட நிறுத்தவில்லை. நாமதான் பிளந்துட்டுக் கைகழுவுறோம்.

2018-இல் பத்துமலையின் 272 படிகளுக்கு வண்ணம் பூசினப்போ நாடே பேசிச்சு. நிறத்தைப் பற்றி அவ்வளவு வாதம். படியேற வர்ற பையனைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

அடுத்த தைப்பூசத்துக்குள்ள ஒண்ணு செய்யுங்க. உங்க கோயிலில் ஒதுக்கி வைத்த ஒரு பையனைக் கூப்பிட்டு வேலை கொடுங்க. தண்ணீர்ப்பந்தல், தேர்க்கயிறு, பாத்திரம் கழுவுறது, எதுவானாலும் சரி. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. தப்பு பண்ணினா திட்டுங்க, மறுநாளும் வரச் சொல்லுங்க.

அதைச் செய்ய மனசில்லைன்னா சுவரில் மயில் வரைய பெயிண்டுக்குக் காசு செலவு பண்ணாதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!