கொடியின் நிறம் கம்பத்தில் பறக்கட்டும், ஹெட்லைட்டில் வேண்டாம்



மாநாடு, பொதுக்கூட்டம்னு அறிவிப்பு வந்தாலே நம்ம வண்டிகள் களைகட்டிடும். கொடி, ஸ்டிக்கர், தலைவர் படம் எல்லாம் சரி. ஆனா இப்போ ரீல்ஸ் பார்த்துட்டு வீட்டு வாசல்லயே ஹெட்லைட் நிறத்தை மாத்துற பழக்கம் பரவுது. ஒருத்தர் கலர் ஃபிலிம் ஒட்டுறார், ஒருத்தர் ஸ்பிரே அடிக்கிறார், இன்னொருத்தர் ஆன்லைன்ல நீல எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டுறார். கீழே போய் "மாஸ்"னு கமெண்ட் போடுறதும் நாமதான்.

இதை நாம நிறுத்தணும். ஏன்னு சொல்றேன்.

சாலையில் நிறம் அலங்காரம் இல்லை, அது ஒரு மொழி. வண்டிக்கு முன்னாடி வெள்ளை அல்லது மஞ்சள், பின்னாடி சிவப்பு. இருட்டில் தூரத்தில் சிவப்பு தெரிஞ்சா, நமக்கு முன்னாடி ஒரு வண்டி போகுதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. அது எதிரில் வர்ற வண்டியா இருந்தா? இரண்டு பக்கமும் 80 கிலோமீட்டர் வேகம்னா, ஒரு நொடியில் இடைவெளி 44 மீட்டர் குறையும். யோசிக்க நேரம் ஏது?

அடுத்து, ஃபிலிமோ பெயிண்டோ வெளிச்சத்துக்குப் புதுசா எந்த நிறத்தையும் சேர்க்காது. மத்த நிறங்களைத் தடுத்துட்டு மிச்சத்தை மட்டும் வெளியே விடும். ஹாலஜன் வெளிச்சத்தில் நீலம் ஏற்கெனவே குறைவு. அதுமேல நீல ஃபிலிம் ஒட்டினா பெரும்பகுதி வெளிச்சம் அங்கேயே போச்சு. சாலையோரம் நடந்து போறவரும், விளக்கில்லாம நிக்கிற லாரியும் உங்க கண்ணுக்குத் தாமதமாத்தான் தெரிவாங்க.

"எல்.இ.டி. போட்டா வெளிச்சம் கூடுதே"ன்னு கேப்பீங்க. நம்ம ஊர் கார்கள் பலதில் இருக்கிறது எச்4 ஹாலஜன் பல்பு, 60/55 வாட். அந்த மெல்லிய இழை எந்த இடத்தில் எரியுதோ, அதைக் கணக்கு போட்டுத்தான் ரிஃப்ளெக்டரை வளைச்சிருக்காங்க. அங்க ஒரு எல்.இ.டி. பல்பைச் சொருகினா கணக்கு தப்பிடும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் சிதறி எதிரில் வர்றவர் கண்ணில் அடிக்கும். நீலம் கலந்திருந்தா கூச்சம் இன்னும் அதிகம்.

சட்டமும் தெளிவா இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, அனுமதி இல்லாம வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ படி, அப்படி மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "கொடி கட்டின வண்டியா பார்த்துப் பிடிக்கிறாங்க"ன்னு லைவ் போடுறதுக்கு முன்னாடி, நம்ம பக்கம் சுத்தமா இருக்கணும் இல்லையா?

அமைச்சர்கள் காரிலிருந்தே சிவப்பு சுழல்விளக்கு 2017 மே 1 முதல் இறங்கிடுச்சு. விளக்கு நிறத்தை வச்சு கெத்து காட்டுற காலம் முடிஞ்சு போச்சு தோழர்களே.

அப்பா காலத்து வண்டிகளில் ஹெட்லைட் மேல் பாதியில் கறுப்பு பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. எதிரில் வர்றவர் கண் கூசக் கூடாதுன்னு அடிச்சது. அவங்க அடிச்ச பெயிண்டில் அக்கறை இருந்தது.

வீட்டிலேயே ஏதாவது செய்யணும்னு கை துறுதுறுன்னா, இதைச் செய்யுங்க:

• மங்கிப் போன ஹெட்லைட் மூடியை பாலிஷ் போடுங்க. வெளிச்சம் நல்லாவே கூடும்.
• பழைய பல்பை மாத்தினா அதே வகை, அதே வாட் போடுங்க.
• சமதரையில் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, டிம் போட்டுப் பாருங்க. வெளிச்சம் ஹெட்லைட் உயரத்தைத் தாண்டி மேல ஏறினா மெக்கானிக்கிட்ட காட்டி இறக்குங்க.
• மஞ்சள் வெளிச்சம்தான் வேணும்னா, உங்க மாடலுக்கு கம்பெனியே தர்ற ஃபாக் லேம்ப் இருக்கான்னு கேளுங்க.

அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பும் முன்னாடி உங்க பகுதி வண்டிகளை ஒரு சுற்று பாருங்க. ஃபிலிம் ஒட்டியிருந்தா நீங்களே உரிமையோட உரிச்சுப் போடுங்க. எதிரில் பைக்கில் வர்றவர் எந்தக் கட்சியா இருந்தாலும் அவரும் பத்திரமா வீடு போய்ச் சேரணும். நம்ம கொடிக்கு அதுதான் மரியாதை.

#டிம்_போடு_தோழா