செல்ஃப் எடுக்கலையா? போடு பழியை பேட்டரி மேல!

விசாரணையே இல்லாமல் தூக்கில் போடப்படும் அப்பாவிகள் பட்டியலில் கார் பேட்டரிக்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆபீசுக்கு நேரமாச்சு. போன் போட்டால் ஒருவர் வருகிறார். பானெட்டைத் திறக்கிறார், எட்டிப் பார்க்கிறார். ‘பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க!’ பத்து நிமிஷத்தில் சில ஆயிரம் ரூபாய் கைமாறிவிடுகிறது. அவர் கையில் மீட்டர் இருந்ததா? இல்லை. நாம் கேட்டோமா? அதுவும் இல்லை.

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை இந்த அநியாயத்துக்குக் கடலும் உடந்தை. காசிமேட்டிலும் திருவொற்றியூர் கடலோரத் தெருக்களிலும் உப்புக் காற்று பட்டு இரும்பு கேட்டே பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பேட்டரி டெர்மினல் மட்டும் தப்பிக்குமா? வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து நிற்கும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற எர்த் ஒயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அரித்துப் போயிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஒரே மூச்சில் நூறு, இருநூறு ஆம்பியர் கேட்கிற ஆசாமி. அந்தப் பூஞ்சணத்தைத் தாண்டி அவ்வளவு கரண்ட் எப்படிப் போகும்? பேட்டரி நிறைமாதமாக இருந்தாலும் வண்டி நகராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், புது பேட்டரி மாட்டும்போது டெர்மினலைச் சுரண்டித்தானே மாட்டுவார்கள்? உடனே வண்டி எடுத்துக்கொள்ளும். ‘பாத்தீங்களா சார், நான்தான் சொன்னேனே!’ நாமும் தலையாட்டுவோம். வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா, ஒரு பழைய டூத் பிரஷ், துடைத்த பிறகு கொஞ்சம் வாஸ்லின். இதில் முடிந்திருக்க வேண்டிய வைத்தியம். (கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். ஸ்பானர் பாடியில் பட்டு தீப்பொறி பறக்காமல் இருக்க இதுதான் வழி.)

வண்டி தன் வியாதியைத் தானே சொல்லும். காது கொடுத்தால் போதும். ‘டக்டக்டக்’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது இணைப்பு லூஸ். ஹெட்லைட் பளிச்சென்று எரியும்போதே ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் ஸ்டார்ட்டர் மேல் சந்தேகப்படலாம். செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லையா? அது பெட்ரோல் அல்லது இக்னிஷன் விவகாரம். அதற்கும் பேட்டரி மாற்றச் சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

சத்தத்தில் சந்தேகமா? சில நூறு ரூபாய்க்கு மல்டி மீட்டர் கிடைக்கிறது. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் காலி, ஆனால் காலி என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழாமல் தாங்க வேண்டும். முழு சார்ஜிலும் விழுந்தால்தான் பேட்டரி குற்றவாளி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டவில்லையா? கோளாறு ஆல்டர்னேட்டரில், அதாவது நம் மெக்கானிக்குகள் இன்னமும் ‘டைனமோ’ என்று செல்லமாகக் கூப்பிடுவதில். இதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

பேட்டரி மேல் ஒரு குட்டிக் கண்ணாடிக் கண் இருக்கிறதே, பச்சை தெரியலை பாருங்க என்று காட்டுவார்களே, அது ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லின் ஜாதகம். மற்ற ஐந்தின் கதை அதற்குத் தெரியாது.

பேட்டரிக்கும் மரணம் உண்டு, மறுக்கவில்லை. குளிரைவிட வெயில்தான் அதற்கு எமன். நம் ஊர் வெக்கையில் மூன்று, நான்கு வருஷம் உழைத்துப் போய்ச் சேர்ந்தால் அது நல்ல சாவு. நாம் செய்கிற கொலை வேறு. டிக்கியில் ஒரு 5 வாட் பல்பு அணையாமல் கிடந்தால் போதும், சின்னக் கார் பேட்டரி மூன்று, நான்கு நாளில் காலி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் நாள்கணக்கில் வரிசையில் நின்ற கதை வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டு, புழுக்கம் தாங்காமல் ஃபேன் போட்டு, செல்போனுக்கும் சார்ஜ் ஏற்றினால் ஸ்டார்ட் பண்ண மட்டுமே செய்யப்பட்ட பேட்டரி என்ன ஆகும்? ரோடும் கேட்டும் சரியில்லாததற்கு தண்டம் கட்டியது லாரிக்காரர்.

அந்தக் காலத்தில் தப்பிக்க வழியாவது இருந்தது. 1955இல் திருவொற்றியூரில் காலூன்றிய என்ஃபீல்டின் புல்லட்டை பேட்டரி செத்தாலும் உதைத்தே கிளப்பியவர்கள் உண்டு. 2021இல் வந்த புது கிளாசிக் 350இல் கிக்கரே கிடையாது. ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது. ஆக, ‘பேட்டரி போச்சு’ என்ற தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லாத காலம் இது.

‘போகட்டும் சார், சில ஆயிரம்தானே’ என்பவர்களை ஒன்று கேட்கிறேன். கழற்றிய பேட்டரி எங்கே போகிறது? அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். காயலான் கடை வழியாக எங்கோ ஒரு கொட்டகைக்குப் போனால் ஆசிட் சாக்கடையில், ஈயம் திறந்த அடுப்பில். அந்தப் புகையும் தூசும் படிகிற மண்ணில்தான் பக்கத்துக் குழந்தைகள் விளையாடுகின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். இந்தியாவில் சுமார் 27 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இருக்கலாம் என்று 2020இல் யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது. முறையில்லாத பேட்டரி மறுசுழற்சியை முக்கியமான காரணமாகவும் சொன்னது. 2000இல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை விரட்டினோமே, அதைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பழைய பேட்டரியை டீலர் திரும்ப வாங்க வேண்டும், பதிவு பெற்ற ஆலைக்குத்தான் அது போக வேண்டும் என்று 2001இலேயே மத்திய அரசு விதி போட்டது. 2022இல் வந்த புது விதி பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் தலையில் வைத்தது. காகிதத்தில் எல்லாம் பிரமாதம். தெருமுனைக் கடையில் வந்து எட்டிப் பார்க்கிற அதிகாரி யார்?

அவர் வரும்வரை நாம்தான் அதிகாரி. அடுத்த தடவை கடையில் ‘லோடு டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க, ரீடிங் பார்க்கணும்’ என்று சொல்லுங்கள. மாற்றியே ஆக வேண்டுமென்றால் புது பேட்டரியில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், வாரன்ட்டி கார்டில் சீல் வாங்குங்கள், பழையதைத் திரும்பக் கொடுத்ததை பில்லில் எழுதச் சொல்லுங்கள். ‘மீட்டர் ரிப்பேர் சார்’ என்றால், பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை இருக்கும்.